துண்டு யாருடையது? தலை யாருடையது?

குற்றாலத்தில் சாரல் காலம். பேரருவியில் குளித்துவிட்டுப் பல் கிட்டிக்க வெளியே வருகிறான் ஒரு சிறுவன். கரையில் நிற்கும் ஆச்சி அதட்டுகிறாள்: "ஏலே, தலையை நல்லாத் துவட்டு. சளி பிடிச்சிரப் போவுது!"

யாருடைய தலையை? ஆச்சி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பையன் கையில் துண்டு இருக்கிறது. ஈரம் சொட்டுவது அவன் தலையில்தான். ஊரார் தலையை அவன் துவட்டப் போவதில்லை.

இதையே ஓர் ஆங்கிலேயப் பாட்டி சொன்னால், "உன் தலையைத் துவட்டு" என்றுதான் சொல்லியாக வேண்டும். அந்த 'உன்' போய்விட்டால் ஆங்கில வாக்கியம் நொண்டும். ஸ்பெயின் தேசத்துப் பாட்டி என்ன சொல்வாள்? அவள் நம் ஆச்சியின் கட்சி! "ஸேகாத்தே லா கபேஸா" என்பாள். 'தலையைத் துவட்டிக்கொள்' என்று அர்த்தம். 'உன்' என்ற சொல்லே அதில் கிடையாது. 'ஸேகா' என்றால் துவட்டு. கூட ஒட்டியிருக்கும் 'தே' என்ற சிறு சொல், ஏறக்குறைய நம்முடைய 'கொள்' செய்கிற வேலையைச் செய்கிறது.

ஸ்பெயினுக்கும் குற்றாலத்துக்கும் கடல்கள் குறுக்கே கிடக்கின்றன. இரண்டு பாஷைகளுக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும், 'இது யாருடையது?' என்று சொல்லும் விஷயத்தில் ஆங்கிலேயர் முட்டிக்கொள்ளும் சில இடங்களில் தமிழர் வெகு சுலபமாக நுழைந்து போய்விடலாம்.

சுற்று வழி

ஸ்பானிய பாஷையைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் உலகில் ஏறத்தாழ 50 கோடிப் பேர். சுமார் 20 நாடுகளில் அது ஆட்சி மொழி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. இதைக் கற்க விரும்பும் நம் இளைஞர் கையில் பெரும்பாலும் கிடைப்பது, ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காக எழுதிய பாடப் புத்தகம்தான்.

அதில்தான் சங்கடம். புத்தகம் ஆங்கிலேயர் செய்யும் பிழைகளை எண்ணி எழுதப்பட்டது. 'இந்த இடத்தில் உங்கள் வழக்கத்தை மறந்துவிடுங்கள்' என்று அது பக்கத்துக்குப் பக்கம் எச்சரிக்கும். தமிழ் மாணவரோ, தமிழில் நினைத்ததை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை ஸ்பானியமாக்குகிறார். தன்னிடம் இல்லாத பிழையைக் கடன் வாங்கி, பிறகு அதைத் திருத்திக்கொள்ள உழைக்கிறார். தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போக மதுரை வழியாகப் பஸ் ஏறுவது மாதிரி!

முதலில், நமக்கும் கஷ்டமான பகுதியைப் பார்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட, பெயருக்குப் பின்னால் அபாஸ்டிரபி என்ற ஒரு குறியை மேலே தொங்கவிட்டு 'எஸ்' என்ற எழுத்தைச் சேர்க்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இருந்த வேற்றுமை விகுதியின் மிச்சம் அது. 'ராஜா அவருடைய வீடு' என்பதன் சுருக்கமே அது என்று சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரில் பலரே தவறாக நம்பியது உண்டு. ஸ்பானியத்தில் இந்தத் தொங்கல் குறியே இல்லை. ஸ்பானியத்தின் தாயான லத்தீன் மொழியில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்துபோக, 'தெ' என்ற ஒரே சொல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது.

பேத்ரோவின் துண்டு என்பதற்கு, 'லா தோவாயா தெ பேத்ரோ' என்பார்கள். 'தோவாயா' என்றால் துண்டு. அதாவது பொருள் முன்னே, சொந்தக்காரர் பின்னே. ஆங்கிலமும் தமிழும் சொந்தக்காரரை முன்னால் நிறுத்துகின்றன. இங்கே நமக்கும் ஆங்கிலேயருக்கும் ஒரே அளவு சிரமம்தான். 'தெ' என்பதை அடுத்து 'எல்' என்ற ஆண்பால் சுட்டுச்சொல் வந்தால் இரண்டும் சேர்ந்து 'தெல்' ஆகிவிடும். கோயிலின் கதவு: 'லா புவெர்த்தா தெல் தெம்ப்ளோ'. பத்து நாள் பழகினால் வந்துவிடும்.

பாண்டியன் கோயில்

கோயில் என்றதும் ஒரு சந்தேகம் எழலாம். அந்தத் 'தெ' எந்த வகைச் சொந்தத்தைக் குறிக்கிறது? கட்டியவரையா, ஆள்பவரையா, உள்ளே இருக்கும் சாமியையா?

தென்காசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோயிலை 'விசுவநாதர் கோயில்' என்றும் சொல்லலாம். 'பராக்கிரம பாண்டியன் கோயில்' என்றும் சொல்லலாம். முதலாவதில் உள்ளே இருப்பவர், இரண்டாவதில் கட்டியவர். தமிழில் உருபு மறைந்து நிற்கிறது. ஸ்பானியத்தில் இரண்டுக்கும் அதே 'தெ'. இடத்தைப் பார்த்துத்தான் அர்த்தம் கொள்ள வேண்டும்.

15-ஆம் நூற்றாண்டில், 1446 முதல் இந்தக் கோயிலை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் இந்தச் சந்தேகத்துக்கு அழகான பதில் வைத்திருக்கிறான். அவன் அங்கே பொறித்து வைத்த பாட்டுகளில் 'என் கோயில்' என்று மார் தட்டவில்லை. பிற்காலத்தில் இந்த ஆலயத்துக்கு ஏதாவது குறை நேர்ந்தால், அதை வந்து சீர்செய்து காப்பவர்கள் யாராக இருந்தாலும், அவர்களை இப்போதே உலகறியப் பணிகிறேன் என்கிறான். குறை நேரத்தான் செய்தது. கோபுரம் இரண்டாகப் பிளந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-ல்தான் இன்றைய ஒன்பது நிலை ராஜகோபுரம் எழுந்து குடமுழுக்கு நடந்தது. பாண்டியனின் வணக்கத்துக்கு உரியவர்கள் ஐந்து நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தார்கள்.

ஆண்பிள்ளை சொல்லும் பெண்பால்

இனி ஆங்கிலேயர் மிகவும் தடுமாறும் இடம்.

'மி மானோ' என்றால் என் கை. இரண்டு கைகளானால் 'மிஸ் மானோஸ்'. கை பன்மையானதும் 'என்' என்ற சொல்லும் பன்மையாகிறது. இருப்பது ஒரே 'நான்'தான். அதற்கு எதற்குப் பன்மை? ஆங்கிலேயருக்கு இது விசித்திரமாகப் படுகிறது.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் ஆறாம் வேற்றுமைக்கு உருபு சொல்லும்போது, உடைமைப் பொருள் ஒருமையானால் 'அது', 'ஆது' என்றும், பன்மையானால் 'அ' என்றும் பிரித்திருக்கிறார். எனது கை; என கைகள். 'என கைகள்' என்பது இன்று நம் காதில் அச்சுப் பிழை மாதிரி விழுகிறது. ஆனால் அதுதான் பழைய முறை. 'மி மானோ, மிஸ் மானோஸ்' என்பதும் இதே கணக்குத்தான்.

பால் வேறுபாடு இன்னும் வேடிக்கை. எங்கள் வீடு என்பதற்கு 'நுவெஸ்த்ரா காசா'. எங்கள் புத்தகம் என்பதற்கு 'நுவெஸ்த்ரோ லிப்ரோ'. வீடு ஸ்பானியத்தில் பெண்பால், புத்தகம் ஆண்பால். 'எங்கள்' என்ற சொல், பேசுகிறவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. உடைமைப் பொருள் எந்தப் பாலோ அந்தப் பாலுக்கு மாறிக்கொள்கிறது.

அருவிக்கரையில் ஒரு துண்டு கிடக்கிறது. "தெ கியேன் எஸ் எஸ்தா தோவாயா?" இந்தத் துண்டு யாருது? மீசை முறுக்கிய பயில்வானாக இருந்தாலும், "எஸ் மீயா" என்றுதான் பதில் சொல்ல வேண்டும். 'மீயா' பெண்பால் வடிவம். துண்டு பெண்பால் ஆயிற்றே! 'நான் ஆண்பிள்ளை' என்று நினைத்து 'மீயோ' என்று சொன்னால் பிழை. இதற்கு நம் இலக்கணம் கைகொடுக்காது. துண்டுக்கும் புத்தகத்துக்கும் ஆண் பெண் பார்க்கிற வழக்கம் தமிழில் இல்லை. மனப்பாடம் ஒன்றுதான் வழி.

'ஸு' என்று ஒரு சொல் இருக்கிறது. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையாக உங்களுடைய - இத்தனைக்கும் அது ஒன்றே. 'ஸு காசா' என்றால் இவற்றில் யாருடைய வீடாகவும் இருக்கலாம். குழப்பம் வந்தால் 'தெ' என்பதைத் துணைக்கு அழைத்து, 'லா காசா தெ எய்யா' (அவளுடைய வீடு) என்று விளக்கிவிடுவார்கள். அவன், அவள், அவர் என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கும் தமிழர் இந்த இடத்தில் ஸ்பானியரைப் பார்த்துக் கொஞ்சம் பரிதாபப்படலாம்.

பிரிக்க முடிந்ததும் முடியாததும்

மறுபடி அந்தத் தலைக்கு வருவோம். ஸ்பானியம் 'மி மானோ' என்று சொல்லக்கூடிய பாஷைதான். அப்படி இருந்தும், கை கழுவினேன் என்னும்போது 'என்' மறைந்துவிடுகிறது. 'மெ லாவோ லாஸ் மானோஸ்' என்கிறார்கள். தலை வலிக்கிறது என்பதற்கு, 'மெ துவேலெ லா கபேஸா'. சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'எனக்கு வலிக்கிறது தலை'. ஆங்கிலேய மாணவர் இங்கே 'என் தலை' என்று எழுதி உபாத்தியாயரிடம் சிவப்பு மை வாங்குகிறார். தமிழ் மாணவர் தன் வாயில் வருவதை அப்படியே திருப்பினால் சரியாக இருக்கும். எனக்குத் தலை வலிக்கிறது. கை கழுவினேன்.

ஏன் இப்படி? விளக்கம் நம் இலக்கண நூலிலேயே இருக்கிறது. 'கிழமை' என்றால் உரிமை. அதை இரண்டாகப் பிரித்தார்கள் நம் முன்னோர்கள். ஒன்று தற்கிழமை: தன்னிலிருந்து பிரிக்க முடியாதது. கை, கால், குணம் போன்றவை இதில் சேரும். மற்றது பிறிதின்கிழமை: தனக்கு வேறான பொருள், இடம், காலம். முருகனுடைய கை முதல் வகை; முருகனுடைய வேல் இரண்டாம் வகை. இந்தக் காலத்து மொழியியலார், உலகத்தின் பல மூலைகளில் பேசும் மொழிகளை ஆராய்ந்து, பிரிக்கவியலும் உடைமை, பிரிக்கவியலா உடைமை என்று பேசுகிறார்கள். நம் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்டு மறந்த பாடம் அது!

தற்கிழமையில் சொந்தக்காரர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானியரும் சொல்வதில்லை. உடுத்தியிருக்கும் உடை, காலில் கிடக்கும் செருப்பு ஆகியவற்றையும் அவர்கள் உடம்போடு சேர்த்துவிடுகிறார்கள். நன்னூலார் செருப்பைத் தற்கிழமையில் சேர்க்கமாட்டார். ஆனால் பேச்சுத் தமிழ் சேர்த்துக்கொள்கிறது. 'செருப்பைக் கழற்றிப் போட்டுட்டு உள்ளே வா' என்கிறோமே தவிர, 'உன் செருப்பை' என்கிறோமா?

உன் கண்கள் அழகாக இருக்கின்றன என்று ஒருவர் வர்ணிக்க ஆரம்பித்தால், 'உன்' இரண்டு பாஷையிலும் வந்துவிடும். அதை விட்டுவிட்டால் யார் கண் என்பது தெரியாமல் போய்விடுமே!

'எனக்கு' செய்த கோளாறு

ஆங்கிலத்துக்கும் ஸ்பானியத்துக்கும் பொதுவாக உள்ள ஒன்று தமிழில் இல்லை. 'உடையவனாயிரு' என்று பொருள்படும் சாதாரண வினைச்சொல் அது. ஸ்பானியத்தில் அதைத் 'தெங்கோ' என்பார்கள். 'தெங்கோ தோஸ் எர்மானோஸ்' என்றால், இரண்டு சகோதரர்களை 'உடையேன்'. நாம் அப்படிப் பேசினால் சிரிப்பார்கள். எனக்கு இரண்டு அண்ணன்மார் என்போம். ஸ்பானியர் வயதைக்கூடச் சொத்தாகவே எண்ணுகிறார்கள். 20 ஆண்டுகளை 'உடையேன்' என்பார்கள். ஆங்கிலேயர் நான் 20 'ஆக இருக்கிறேன்' என்பார். நாமோ எனக்கு 20 வயது என்கிறோம். சொத்து, சுற்றம், வயது, பசி, ஆசை எல்லாமே தமிழில் 'எனக்கு' வந்து சேர்கின்றன.

இந்த 'எனக்கு' ஒரு காலத்தில் பெரிய கோளாறு ஒன்றில் பங்கு கொண்டது. சம்பவம் நடந்த இடமும் அதிக தூரமில்லை. குற்றாலத்து அருவிகளில் விழும் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி ஓடி, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி கடலைத் தொடும் இடத்தில் புன்னைக்காயல். அந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு 1542-ல் வந்தார் பிரான்சிஸ் சவேரியார். ஸ்பெயினின் நவார் பகுதியில் பிறந்தவர், தாய்மொழி பாஸ்க். அவர்களுக்கு என் பேச்சு புரியவில்லை, எனக்கு அவர்கள் பேச்சு புரியவில்லை என்று அவரே ஐரோப்பாவுக்கு எழுதினார். இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, கரையோர மக்களுக்கு மனப்பாடம் செய்வித்தார்.

1544-ல் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அவர் அவசரமாக ஒரு திருத்தம் அனுப்புகிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று போட்டிருந்தார்கள்! 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடச் சொல்கிறார். எத்தனை வாய்கள் அதற்குள் அதைத் தினம் ஓதியிருக்கும்! கடவுளை நம்புகிறேன் என்று தாங்கள் சொல்லிக் கொடுத்ததாகப் பாதிரிமார் எண்ணிக்கொண்டிருக்க, கடவுள் எனக்கு வேண்டும் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்தியில் அது குறைந்தது அல்ல. ஆனால் பிரமாணம் அது அல்லவே.

இப்படிப்பட்ட விபத்துகள் நேராமல் தடுக்க இலக்கணம் தேவைப்பட்டது. புன்னைக்காயலில் வாழ்ந்து 1600-ல் அங்கேயே மறைந்த போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்றிக் அன்றீக்கஸ் 1549 வாக்கில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் தமிழ் இலக்கணங்களில் அதுவே மூத்தது. ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்ச்சுக்கீசியத்திலும் உடைமைக்கு அதே 'தெ'தான். லத்தீன் வேற்றுமைகளின் அச்சிலே தமிழை வார்த்துப் பார்த்தார் அவர். கையெழுத்துப் பிரதியாகவே லிஸ்பனில் கிடந்த அந்த நூல் 1982-ல்தான் அச்சேறியது. 2013-ல் ஆங்கிலத்திலும் வந்தது.

அவர்கள் பட்ட பாடு

வெள்ளைக்காரத் துரைகளுக்குத் தமிழின் உடைமை எளிதில் பிடிபட்டதா? திருநெல்வேலிச் சீமையில் இருந்தபடி இலக்கணம் எழுதிய ரேனியஸ், சாயர்புரத்தில் இருந்த போப், இடையன்குடியில் வாழ்ந்து 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் எல்லோரும் இந்தச் சிக்கலைக் கையாள வேண்டியிருந்தது.

சிற்றாறு என்பது சிற்றாற்றுத் தண்ணீர் ஆகிறது. வீடு, வீட்டுக் கதவு ஆகிறது. மரம், மரத்துக் கிளை. குற்றாலம், குற்றாலத்துச் சாரல். உருபு எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஓர் எழுத்து இரட்டித்தாலே சொந்தம் கொண்டாடிவிடுகிறது தமிழ். 'உடைய' என்று ஓர் உருபு உண்டே என்று நிம்மதியாக அதைப் பிடித்தால், அதுவும் புரண்டு படுக்கும். 'மனிதருடைய செல்வம்' என்றால் செல்வம் மனிதருக்குச் சொந்தம். 'செல்வம் உடைய மனிதர்' என்றாலும் அப்படியே. ஆனால் உடையவரும் உடைமையும் இடம் மாறி நிற்கிறார்கள்.

இன்னொரு நுட்பம் நமக்கே மறந்துபோய்விட்டது. 'எனது மகன்' என்று இன்று யாவரும் எழுதுகிறார்கள். பழைய இலக்கணம் அதை ஒப்பாது. 'அது' என்பது அஃறிணைச் சொல். வீட்டையும் மாட்டையும் 'எனது' என்று சொல்லலாம்; மனிதரைச் சொல்லக் கூடாது. 'என் மகன்' என்க. விரித்தால் 'எனக்கு மகன்' என்று நான்காம் வேற்றுமையில் விரிக்க என்கிறார் தொல்காப்பியர். ஒரு மனிதரை மற்றொரு மனிதரின் பொருளாகக் கணக்கில் எழுத அந்த இலக்கணம் இடம் கொடுக்கவில்லை.

சங்க காலத்தில் உறவுப் பெயருக்குள்ளேயே சொந்தம் அடங்கியிருந்தது. எந்தை என்றால் என் தந்தை. நுந்தை உன் தந்தை. தந்தை அவன் தந்தை. யாய் என் தாய். ஞாய் உன் தாய். தாய் அவன் தாய். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டில் இந்தச் சொற்களைக் காணலாம். இன்று 'என் தந்தை' என்று சொல்கிறவர், கணக்குப் பார்த்தால், 'என் அவன்தந்தை' என்று சொல்கிறார்!

எல்லாவற்றையும் கற்றுத் தேர்ந்த பிறகும் அந்நியரை விடாமல் துரத்துவது 'நம்' என்பதற்கும் 'எங்கள்' என்பதற்கும் உள்ள வித்தியாசம். கேட்பவரையும் சேர்த்தால் நம், விலக்கினால் எங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஸ்பானியத்திலும் அந்த 'நுவெஸ்த்ரோ'தான். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவனும் 'எங்க அப்பா' என்கிறான். மனைவி தன் கணவரை 'எங்க வீட்டுக்காரர்' என்கிறாள். இதற்கெல்லாம் எந்த லத்தீன் அச்சில் இடம் தேடுவது?

மெக்ஸிகோவில் ஒரு வழக்கம். விருந்தாளியிடம் தம் வீட்டைப் பற்றிச் சொல்லும்போது மரியாதைக்காக 'ஸு காசா' என்பார்கள். 'உங்கள் வீடு' என்று அர்த்தம். ஸ்பானியம் புதிதாகப் படித்த ஆங்கிலேயர், தன் வீட்டுக்கு இவர்கள் எப்போது வந்தார்கள் என்று விழிப்பார். தென்காசிக்காரர் அவ்வளவு தூரம் போவதில்லை. வீட்டை விருந்தாளிக்கு முழுதாகக் கொடுத்துவிடாமல், தாமே வைத்துக்கொள்ளவும் செய்யாமல், "நம்ம வீடுதான், கூச்சப்படாம வாங்க" என்று கதவைத் திறக்கிறார்.